நாளொரு சொல்லும் பொழுதொரு பொருளும்

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் காலை மின்சார ரயிலில் தினச்சொல்லாரைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லோரும் கைப்பேசியில் தலை கவிழ்ந்திருக்க, அவர் மட்டும் கொளவாய் ஏரியைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். ஜபம் இல்லை, அன்றைய சொல்லை உருப்போடுகிறார். சட்டைப்பையில் சீசன் டிக்கெட்டோடு ஒரு குட்டி நோட்டு. வீட்டில், நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’, நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கியது. அவர் வைத்திருக்கும் விதி எளியது: நாளுக்கு ஒரு புதுச்சொல், அதை அன்றைக்கே யாரிடமாவது பயன்படுத்திவிட வேண்டும். வம்பு அந்தப் பின்பாதியில்தான். பரனூரில் கற்றதைத் தாம்பரத்துக்குள் யார் தலையிலாவது இறக்கியாக வேண்டுமே! உலகம் அதற்கு ஒத்துழைக்காததால் அவர் உலகத்தை வளைக்கிறார். ‘கேட்டஸ்ட்ரஃபி’ படித்த நாளில் வண்டி கூடுவாஞ்சேரியில் நாலு நிமிஷம் கூடுதலாக நின்றாலே பேரழிவு. ‘லொக்குவேஷியஸ்’ நாளில், வாயே திறக்காமல் கொய்யாக் கூடையை நீட்டும் அம்மாள் வாயாடியாகிவிடுகிறாள். “சார், இன்னிக்கு என்ன சரக்கு?” என்று எதிர் சீட்டுக்காரர் கேட்பது கிண்டல் என்று தெரியாமல், உச்சரிப்போடு ஒப்பித்து, இரண்டு உதாரண வாக்கியமும் இலவசமாகத் தருவார்.

இதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. சொல் சேர்ப்பது நம் ஊரில் பழைய படிப்பு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்துதான் மேலே போனார்கள். ஆனால் அந்த நிகண்டு கட்டப்பட்ட விதத்தைப் பாருங்கள். பன்னிரண்டு தொகுதி, தேவர் பெயர் ஓரிடம், மக்கள் பெயர் ஓரிடம், விலங்கு, மரம், இடம் என்று தனித்தனி இடம். எல்லாம் செய்யுள். ஒரு சொல் மறந்தால் பக்கத்துச் சொல் கையைப் பிடித்து இழுத்து வரும். போதாக்குறைக்கு வாத்தியார் பிரம்போடு எதிரே உட்கார்ந்திருப்பார். தினச்சொல்லாரின் நோட்டிலோ செவ்வாய்க்கிழமைச் சொல்லுக்கும் புதன்கிழமைச் சொல்லுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இரண்டையும் சேர்த்துவைப்பது தேதி மட்டும்தான். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே உருப்போட்டுத் தம் மறதியை அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு காலி. துணையில்லாமல் வந்த சொல்லின் கதியும் ஏறக்குறைய அதுதான்.

எதிர்ச்சாட்சி வேண்டுமென்றால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறலாம். கடற்கரைக் கோயில் பாதையில் பாசிமணியும் கல் யானையும் விற்பவர்களுக்கு நோட்டும் இல்லை, விதியும் இல்லை. பிரெஞ்சுக்காரருக்குப் ‘போஞ்சூர்’, ஜெர்மன்காரருக்கு ‘குட்டன் டாக்’, வடநாட்டுக் குடும்பத்துக்கு ‘ஆயியே பய்யா’. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மொழி மாறுகிறது. சொல் பிசகினால் யானை விற்காது. வாத்தியார் பிரம்பைவிட அது கடுமையான தேர்வு. சிற்பக்கூடத்தில் வேலை பழகும் பையனுக்கு உளிகளின் பெயரைப் பட்டியலாக யாரும் எழுதித் தருவதில்லை. கேட்ட உளிக்குப் பதில் வேறொன்றை நீட்டி, மேஸ்திரியிடம் ஒருமுறை வாங்கிக்கட்டிக்கொண்டால் இரண்டு பெயரும் ஆயுளுக்கும் நிற்கும். கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றின் பெயர்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாடமே அல்ல. அப்பா இன்றைக்குக் கடலுக்குப் போகிறாரா இல்லையா என்கிற சேதி.

கடைத்தெரு மொழி விலையோடு நின்றுவிடும், அறிவு வளர அரிய சொற்கள் வேண்டாமா என்று தினச்சொல்லார் கேட்பார். நியாயமான கேள்வி. கல் யானைக் கடையில் ‘கேட்டஸ்ட்ரஃபி’ கிடைக்காதுதான். ஆனால் அரிய சொல் கிடைக்குமிடம் புத்தகம். அங்கே அது ஒரு வாக்கியத்தில் தலைகாட்டும், நூறு பக்கம் தள்ளி வேறு உடுப்பில் மறுபடி எதிர்ப்படும். பத்தில் ஒன்று தங்கினாலும் வருஷத்துக்கு முப்பத்தாறு லாபம்தானே என்று அவர் கணக்குக் காட்டினால் அதையும் ஒப்புக்கொள்ளலாம். லாபத்தை எங்கே செலவழிக்கிறார் என்பதுதான் கவலை. ஒருநாள் விடுப்புக் கேட்டு மூன்று வரி எழுதுகிறார். அதிலுள்ள நாலு சொல்லுக்கு மேலாளர் அகராதி புரட்டி முடிப்பதற்குள் விடுப்புத் தேதி கடந்துவிடுகிறது.

இவர்களில் தனித்தமிழ்ப் பிரிவும் உண்டு. ‘பஸ்’ என்று சொன்ன நடத்துநரைத் திருத்திவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவார்கள். இவர்கள் தினமும் கடக்கும் மறைமலை நகர் நிலையத்துப் பலகையிலேயே என் கட்சிக்குச் சாட்சி இருக்கிறது. வேதாசலம் 1916இல் தனித்தமிழுக்கு மாறி மறைமலையடிகள் ஆனதற்குத் தூண்டுகோல், வள்ளலார் பாட்டில் வந்த ஒற்றை வடசொல்லைப் பற்றி அவருக்கும் மகள் நீலாம்பிகைக்கும் நடந்த பேச்சு என்பார்கள். அங்கேயும் ஒரே சொல்தான். ஆனால் அதற்கு ஒரு பாட்டு இருந்தது, கேள்வி கேட்க ஒரு மகள் இருந்தாள், பிறகு எழுதிக் குவிக்க அவருக்கு ஒரு வாழ்நாளும் இருந்தது.

இத்தனை சொல்லியும் தினச்சொல்லார் மசியமாட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். நாளுக்கு ஒன்று வீதம் முடிக்க 270 ஆண்டுக்குக் குறையாது என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் யோசிப்பார். அடுத்த திங்கள் முதல் நாளுக்கு இரண்டு.