கலர் கோடு போட்டாக் கட்டடம் எந்திரிக்குமா கண்ணு?

வா கண்ணு, இப்பிடி நெழல்ல உக்காரு. கையில என்ன அது, டேப்லெட்டா? பச்சை, மஞ்சள், செவப்புன்னு கோடு கோடாப் போட்டிருக்கியே, நெம்ப லட்சணமாத்தான் இருக்குது. ஆபரேசன்ஸ் ரிசர்ச்சுங்கற, லாஜிஸ்டிக்சுங்கற. நல்ல படிப்புத்தான், நான் கொறை சொல்லல. ஆனா அந்தப் பச்சைக் கோட்டுல "கம்பி வந்தாச்சு"ன்னு இருக்குது. கம்பி லாரி இன்னும் ரோட்டுலயே நிக்குதே, அதுக்கு என்ன கலரு?

ஏன் நிக்குதுன்னு எறங்கிப் பாத்தியா? எம்-சாண்டு கொண்டாந்தவன் நேத்துக் கேட்டுக்கு நேராக் கொட்டிப்போட்டுப் போயிட்டான். நீ மீட்டிங்குல இருந்த. இப்ப அதை அக்கட்டால தள்ள நாலு ஆளு. கம்பிய ரோட்டுல எறக்கி உள்ளாற தூக்க ஆறு ஆளு. ஒரே சாமானுக்கு ரெண்டு கூலி. எதை எங்க எறக்கறதுன்னு காலையில ஒரு குச்சியில மண்ணுல கோடு கிழிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். அதுவும் கோடுதான் கண்ணு. கலரு இல்ல, அவ்வளவுதான்.

சிமெண்டைப் பாரு. வெலை ஏறிப்போகும்னு ஒட்டுக்கா எறக்கி, செவுத்தோட செவுறா, ஆள் ஒசரத்துக்கு மேல அடுக்கியிருக்க. பத்து மூட்டைக்கு மேல அடுக்காதே, செவுத்த ஒட்டாதே, பழசை மொதல்ல எடுன்னு சித்தாளுப் புள்ளையே சொல்லுமே! மூணு மாசம் கெடந்தா பலம் கொறையும். எத்தனை ஒரு தடவைக்கு வாங்குனா கட்டுப்படியாகும்னு 1913-லயே ஹாரிசுன்னு ஒரு அமெரிக்காக்காரர் கணக்குப் போட்டு வெச்சுட்டாராம். நீ அதையும் படிச்சுத்தான் பாஸ் பண்ணியிருப்ப. பரீட்சைக்குப் படிச்சது பரீட்சையோட போச்சாக்கும்?

இப்பத் தளம் போடற நாளுக்கு வருவோம். அங்கதான் வேடிக்கையே. 1000 சதுரடி, 5 இஞ்சுத் தளம். கான்கிரீட்டு சுமாரா 12 கன மீட்டர். வண்டிக்கு 6 பிடிக்கும்னா ரெண்டு வண்டி, பீமையும் சேத்தா மூணு. ரெடிமிக்சை ஏத்துனதுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள எறக்கிப்போடோணும். மூணு வண்டியையும் ஒட்டுக்காக் கூப்புட்டா மூணாவது வண்டி தெருவுல சுத்திக்கிட்டே கெடக்கும், டிரைவரு போனை எடுத்து ஓனருகிட்ட அழுவான். நெம்ப இடைவெளி உட்டாலோ, மொதல்ல போட்டது இறுகிப்போகும், பொறவு போட்டது அதோட சேராது. அடுத்த மழைக்கு அந்தக் கோட்டுலதான் ஒழுகும். அப்ப எப்பிடிக் கூப்புடறது? பம்பு எத்தனை நிமிசத்துல ஒரு வண்டிய எறக்குது, வழியில ரயில்வே கேட்டு எப்பப் போடறான், இதைக் கேளு. வரிசையில காத்து நிக்கறதுக்கே ஒரு கணிதம் இருக்குது. கோபன்ஹேகன்ல டெலிபோன் லைனுக்காக எர்லாங்குன்னு ஒருத்தர் 1909-லயே ஆரம்பிச்சது. உன்ற சாப்ட்வேருக்குள்ளயும் அது உக்காந்திருக்கும். ஆனா ரயில்வே கேட்டை அதுகிட்ட ஆரு சொன்னா?

"கிரிட்டிக்கல் பாத்"துன்னு நேத்துப் பெருசாச் சொன்னியே. எந்த வேலை ஒரு நாள் தள்ளுனா மொத்தக் கட்டடமும் ஒரு நாள் தள்ளுமோ, அந்தச் சங்கிலி. டூபாண்ட் கம்பெனியில வாக்கரு, ரெமிங்டன் ராண்டுல கெல்லி, ரெண்டு பேருமாச் சேந்து 1957-ல கம்ப்யூட்டர் வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. நல்லது. இங்க அந்தச் சங்கிலி ஆரு தெரியுமா? பைப்புப் போடற எலக்ட்ரீசியன் பையன்! அவன் வந்து பைப்பைப் பதிக்காம கான்கிரீட்டு ஊத்த முடியாது. சென்ட்ரிங்காரன், கம்பிகட்டுறவன், பம்பு, அத்தனையும் அவனுக்காக நிக்குது. அவன் ஒறம்பரை கல்யாணத்துக்குப் போயிருக்கான். நீ என்னடான்னா பெயிண்டுக் கலருக்கு மூணு மீட்டிங்கு போட்டிருக்க.

நியூயார்க்குல எம்பயர் ஸ்டேட்டுன்னு ஒண்ணு நிக்குதே, 102 மாடி. 1930 மார்ச்சுல ஆரம்பிச்சு 1931 மே ஒண்ணாந்தேதி தெறந்துட்டாங்க. உன்ற கிரிட்டிக்கல் பாத்து பொறக்கறதுக்கு 26 வருசம் முந்தி! நட்டநடு ஊரு, சாமான் போட்டு வெக்க எடமே இல்ல. அதனால இரும்புத் தூணு ஒவ்வொண்ணுக்கும் நெம்பரு எழுதி, வேணுங்கற நேரத்துக்கு வரவெச்சாங்க. மாடிக்கு மாடி குட்டித் தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டி ஓட்டுனாங்க. செங்கல்லை லாரியில இருந்து சரிவுல கொட்டுனா அடியில தொட்டியில விழும், அங்கிருந்து வண்டியில ஏறி மேல போயிரும். சாப்பாட்டுக் கடையக்கூட மேலயே வெச்சுட்டாங்க, சோத்துக்கு எறங்கி ஏறுனா அரை நாள் போயிருமல்ல? சுத்தமான கஞ்சத்தனம் கண்ணு. நல்ல கஞ்சத்தனம்.

அப்பறம் 1990-கள்ல அமெரிக்காவுல பாலார்டு, ஹோவெல்னு ரெண்டு பேரு சைட்டுகளைச் சுத்தி ஒரு கணக்கு எடுத்தாங்க. இந்த வாரம் முடிப்போம்னு எழுதி வெச்ச வேலையில எத்தனை முடிஞ்சுதுன்னு. பாதிதான், அதுக்கு மேல கொஞ்சம். அத்தனை கம்ப்யூட்டர் இருந்தும்! அதுக்கு அவங்க சொன்ன வைத்தியம் என்னங்கற? வேலை செய்யற மேஸ்திரியக் கூப்புட்டு, "இது உன்னால ஆகுமா, அதுக்கு முன்னால என்ன வேணும்"னு கேக்கோணுமாம். ஆகாததை எழுதவே கூடாதாம். கம்ப்யூட்டரு வந்து முப்பது வருசத்துக்கு மேல கழிச்சு, மேஸ்திரியக் கேக்கலாம்னு கண்டுபிடிச்சிருக்காங்க! நான் சிரிச்சுப்போட்டன்.

நீயும் சனிக்கிழமை கூலி குடுக்கறப்ப உன்ற மேஸ்திரிய உக்கார வெச்சுக் கேளு. தளத்துக்கு அடியில முட்டு நிக்கற வரைக்கும் உள்ள பூச முடியாது, அந்த நாள்ல ஆளுகளைக் கைப்பிடிச் செவுத்துக்கா, தண்ணித் தொட்டிக்கா அனுப்பறதுன்னு அவருக்குத் தெரியும். "அது ஆகாதுங்க"ன்னு சொன்னா மொறைக்காதே, ஏன்னு கேட்டு எழுதிக்கோ. அந்த மீட்டிங்குக்குப் புரொஜெக்டரு வேண்டாம். டீ போதும். வடை உன்ற இஷ்டம், ஆனா அவருக்கு ரெண்டு.