வட்டி வளருது, விசுவாசம் வளருமா?

கேள்வி: தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கரையில் கிடக்கிறது. வீட்டுக்காரர் வலையைப் பழுதுபார்க்கிறார், நான் செபிக்கிறேன். கஷ்டத்தில் விசுவாசம் வளரும் என்கிறார் பங்குச் சாமியார். எனக்கு வட்டிதான் வளர்கிறது!
- மீனவச் சகோதரி, வாலிநோக்கம்

பதில்: வட்டி தூங்கும்போதும் வளரும் சகோதரி, விசுவாசம் அப்படி வளராது. கஷ்டப்பட்டே கசந்துபோனவர்களும் உண்டு. உங்கள் ஊர் உப்பளத்தையே பாருங்கள். வெயில் மட்டும் போதுமா? கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிவிட ஆள் இறங்க வேண்டாமா?

உங்கள் மாவட்டத்து ஓரியூரை நினைத்துக்கொள்ளுங்கள். லிஸ்பனில் பிறந்த மறைபோதகர் அருளானந்தர் 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். விடுதலையாகி ஐரோப்பா போனவர் அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம்; திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. அதற்கு முன் சிறையில் அவருக்குப் பேனாவும் இல்லை, மையும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு துரும்பைத் தொட்டுத் தொட்டுக் கடிதம் எழுதினார். சாவுக்குக் காத்திருந்த மனிதர், பிறருக்கு எழுதிக்கொண்டிருந்தார்! எனக்கு அவருடைய மரணத்தைவிட அந்தத் துரும்புதான் பெரிதாகத் தெரிகிறது.

அழுது முறையிடுவதில் வெட்கமே வேண்டாம், அதுவும் செபம்தான். கெத்சமனியில் இயேசுவே தம் துன்பம் நீங்கும்படி கேட்டார், கூட விழித்திருக்க நண்பர்களையும் அழைத்தார். நீங்களும் தனியாகச் சுமக்காதீர்கள். அடுத்த அன்பியக் கூட்டத்தில் செபக் கருத்தோடு அந்த வட்டிக் கணக்கையும் சேர்த்தே சொல்லுங்கள்.