கேளுங்கள், தாளிக்கிறேன்!

வெந்நீர் மட்டும் வைக்கத் தெரிந்தவன், பெங்களூரு: ஹாஸ்டல் சாப்பாட்டை விட்டாயிற்று. யூடியூபில் யாரைப் பார்த்துச் சமையல் கற்றுக்கொள்வது?

யாராவது ஒருவரை. அந்த ‘ஒருவர்’தான் முக்கியம். சாம்பாருக்கு ஒருவர், ரசத்துக்கு இன்னொருவர் என்று தாவினால் இரண்டு பேருடைய புளியும் சேர்ந்து உங்கள் நாக்கைப் பதம் பார்க்கும்.

தமிழில் வெங்கடேஷ் பட் நிறையப் பேசுவார். பொறுமையாகக் கேளுங்கள். எதை ஏன் முதலில் போடுகிறோம் என்ற காரணம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. செஃப் தீனா ஊர் ஊராகப் போய் அங்கிருக்கும் சமையல்காரர்களிடமே அளவைக் கேட்டு வாங்குகிறார். நல்ல வேலை, ஆனால் அது உங்களுக்கு இரண்டாம் வகுப்பு. ஹெப்பார்ஸ் கிச்சனில் பேச்சே கிடையாது, கை மட்டும் வேலை செய்யும். வரிசை தெரிந்துகொள்ள உதவும், காரணம் தெரியாது.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: அவர் பிரியாணியைப் பார்க்காதீர்கள், உருளைக்கிழங்கு வறுவலைப் பாருங்கள். தீ எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எப்போது கிளறக் கூடாது என்று சொல்கிறாரா? அவர்தான் வாத்தியார். ‘இதெல்லாம் உங்களுக்கே தெரியும்’ என்று தாண்டிப் போகிறாரா? நீங்களும் தாண்டிப் போங்கள்.

சாப்பாட்டு ராமன், அறந்தாங்கி: வில்லேஜ் குக்கிங் சேனல் பார்த்தால் சமையல் வருமா?

பசி வரும். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துத் தாத்தாவும் பேரன்களும் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். தமிழில் அந்த எண்ணைத் தொட்ட முதல் சேனல் அது. ஆனால் அண்டாவின் அளவை நூறால் வகுத்து உங்கள் குக்கரில் போட்டால் கணக்கு உதைக்கும். பெரிய பாத்திரத்தில் அளவோடு ஒப்பிட்டால் ஆவியாகிப் போகும் தண்ணீர் குறைவு. வீட்டுச் சட்டியில் அதிகம். மிளகாயை வகுக்கலாம், தண்ணீரை வகுக்க முடியாது.

அவசரக்காரி, திருப்பூர்: முப்பது விநாடி ரீல்ஸ் பார்த்துச் சமைக்கலாமா?

எடிட்டிங் கற்றுக்கொள்ளலாம்.

பச்சை வெங்காயம் சட்டியில் விழும். ஒரு வெட்டு. அடுத்த காட்சியில் பொன்னிறம். அந்த வெட்டுக்குள் கால் மணி நேரம் ஒளிந்திருக்கிறது. புதிதாகச் சமைப்பவர் ‘இரண்டே நிமிஷத்தில் ஆகவில்லையே’ என்று தீயை ஏற்றுவார். ஓரம் கருகும், நடு வேகாது, குழம்பு கசக்கும். நீங்கள் கற்க வேண்டியது முழுக்க அந்த வெட்டில்தான் போய்விட்டது. எடிட் செய்யாத நீளமான வீடியோ தேடுங்கள். வேகமாகப் போனால் யூடியூபிலேயே 0.75 வேகம் வைத்துக்கொள்ளலாம்.

கரிக்கும் கை, நாகர்கோவில்: எல்லாரும் ‘தேவையான அளவு உப்பு’ என்கிறார்கள். எனக்குத் தேவை எவ்வளவு என்று தெரிந்தால் நான் ஏன் வீடியோ பார்க்கிறேன்?

சபாஷ். கேட்க வேண்டிய கேள்வி. அரைக் கிலோ காய்க்குத் தூள் உப்பு ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்தாறு கிராம், என்பது தொடங்குவதற்கு ஏற்ற கணக்கு. முதலில் அதில் முக்கால் பங்கு போடுங்கள், கடைசியில் ருசி பார்த்து மீதி. கல் உப்பென்றால் ஸ்பூனை நம்பாதீர்கள். கல்லுக்குக் கல் நடுவே காற்று இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறையும்.

‘கப்’பும் இதே கதைதான். அமெரிக்கக் கப் 240 மில்லி. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன்கூட மற்றவர்களுடைய 15 மில்லி கிடையாது, 20. பழைய சமையல் புத்தகங்களைத் திறந்தால் ஆழாக்கும் பலமும் வந்து நிற்கும். ‘நான் எடுத்திருப்பது 250 மில்லி கப்’ என்று முதலிலேயே காட்டுகிறவர் உங்கள் மேல் அக்கறை உள்ளவர்.

குழைந்துபோனவர், ஈரோடு: வீடியோவில் ‘மூன்று விசில்’ என்கிறார்கள். எனக்கு மூன்றில் பருப்பு குழையவில்லை, ஐந்தில் சாதம் களியாகிவிட்டது!

விசில் என்பது அதிகப்படி அழுத்தம் வெளியே போகும் சத்தம், கடிகாரம் இல்லை. உள்ளே வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது. அந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதுதான் கணக்கு. தீயைக் கூட்டினால் மூன்று விசிலும் சடசடவென்று வந்துவிடும், பருப்பு அப்படியே முறைக்கும். குக்கர் எத்தனை லிட்டர், பருப்பை ஊறவைத்தாரா, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் எத்தனை நிமிடம் வைத்தார் என்று சொல்கிறவரைப் பின்பற்றுங்கள்.

சந்தேகப் பிராணி, மதுரை: நல்ல வீடியோவா, மோசமா என்று செய்து பார்க்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முன்பு டிஸ்லைக் எண்ணிக்கை தெரிந்தது. 2021 நவம்பரில் யூடியூப் அதை மறைத்துவிட்டது. இப்போது கமென்ட்டுகள்தான் கதி. ‘சூப்பர் அக்கா’ ஆயிரம் இருந்தாலும் தள்ளுங்கள். ‘செய்தேன், மாவு நீர்த்துப்போச்சு’ என்று ஒருவர் எழுதி, அதற்கு அக்கா ‘அரிசி பழசா, புதுசா?’ என்று திருப்பிக் கேட்டிருந்தால் உடனே சந்தா போடுங்கள்.

ஐ.டி. நளன், சோழிங்கநல்லூர்: இத்தனை பாடு எதற்கு? ஏ.ஐ.யிடம் கேட்டால் சொல்லிவிடாதா?

சொல்லும். 2024 மே மாதத்தில் கூகுளின் ஏ.ஐ., பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லை என்றதற்குப் பசை சேர்க்கச் சொன்னது. யாரோ பல வருஷத்துக்கு முன் எழுதிய கிண்டலை அப்படியே நம்பிவிட்டது. 2023-ல் நியூசிலாந்து சூப்பர்மார்க்கெட் ஒன்றின் சமையல் ஏ.ஐ. கொடுத்த ‘பானம்’ ஒன்றைக் கலந்தால் குளோரின் வாயுவே வரும். (கலக்க வேண்டிய பொருள்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது கேட்டவர்கள்தான். ஆனாலும் மறுக்க அதற்குத் தெரியவில்லை.) நான்கு பேர் அளவை இருவருக்கு மாற்றவும், வீட்டில் இருக்கும் காய்க்குப் பட்டியல் போடவும் கேளுங்கள், நன்றாகவே செய்யும். ருசியும் பாதுகாப்பும் அதன் துறை இல்லை. உப்புப் போட்டுச் சாப்பிடாத ஜென்மம். தப்பைச் சுட்டிக்காட்டினால் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த தப்பைச் சொல்லும்.

எச்சரிக்கை ஏகாம்பரம், சேலம்: வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுகிற ஆபத்து ஏதாவது?

இரண்டு. ராஜ்மாவில், அதுவும் சிவப்பில், இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவெனக் கொதிக்கவிட்டால்தான் அது அழியும். நம் பிரஷர் குக்கர் அந்த வேலையைச் செய்துவிடும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போட்டால் சூடு போதாமல் வயிறு புரட்டி எடுக்கும். அடுத்தது, வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

ஏன், எதற்கு, எப்படி, வேலூர்: சமையலின் காரணகாரியம் சொல்லித்தரும் இடம் உண்டா?

ஆங்கிலம் ஓடுமென்றால் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘சயன்ஸ் அண்ட் குக்கிங்’ பாடம் எட்எக்ஸ் தளத்தில் இருக்கிறது. எம்.ஐ.டி.யின் ‘கிச்சன் கெமிஸ்ட்ரி’ அவர்களுடைய ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் இலவசம். சீரியஸ் ஈட்ஸ் என்ற தளம் ஒரு முட்டை அவிப்பதைக்கூட ஆராய்ச்சியாக எழுதும். அமெரிக்கக் குறிப்பில் ஓவன் 350 என்றிருந்தால் அது ஃபாரன்ஹீட், நமக்குச் சுமார் 175. தெரியாமல் 350-க்குத் திருப்ப முயன்றால் கேக்குக்கு முன்னால் ஓவன் அழும்.

புது மாப்பிள்ளை, கும்பகோணம்: ஆம்பிளை போனைப் பார்த்துச் சமைக்கிறானே என்று மாமியார் சிரிக்கிறார்.

பீமன் எழுதிய சமையல் நூலில் இருந்து வழுவாமல் சமைத்த விருந்தைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. எழுதியவர் ஆண், பார்த்துச் சமைப்பதும் பழைய வழக்கம். 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ சமையல் நூலும் பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லாதவர்களுக்குத்தான் பெரிய உதவியானது. மாமியார் சிரிக்கட்டும். சாப்பிட உட்காரும்போது நிறுத்திவிடுவார்.

சேகரிப்பாளர், கோவை: இருநூறு சமையல் வீடியோக்களை சேவ் செய்து வைத்திருக்கிறேன்...

வட்டி வராது.

விடுதியிலிருந்து ஒரு மகள், புனே: அம்மாவிடம் அளவு கேட்டால் ‘கண்ணளவுதான்’ என்கிறார். அந்தக் கண் எனக்கு இல்லையே?

அம்மாவைக் கேட்காதீர்கள், ஜாடியை நிறுத்துப் பாருங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் சமைக்கத் தொடங்குமுன் புளி, உப்பு, மிளகாய்த்தூள் டப்பாக்களை எடை போடுங்கள். முடித்தபின் மறுபடி. குறைந்ததுதான் கண்ணளவு. முழுசாக வீடியோவும் எடுங்கள், ஒரு வெட்டும் இல்லாமல். அம்மா ‘இது என்னடி கூத்து’ என்பார். அதுவும் சேர்ந்தே பதிவாகட்டும், வதங்க எத்தனை நிமிடம் ஆனது என்று அதில்தான் தெரியும். பிறகு புனேயில் அதே குழம்பை ஒரே வாரத்தில் மூன்று முறை வையுங்கள். மூன்று வேறு குழம்பு அல்ல.

பர்ஸ் திறந்தவர், அண்ணாநகர்: பணம் கட்டி ஆன்லைன் சமையல் வகுப்பில் சேரலாமா?

நேரலையில் உங்கள் அடுப்பைப் பார்த்து ‘தீயைக் குறை’ என்று சொல்லும் வகுப்பென்றால் சேருங்கள். பதிவு செய்த வீடியோவுக்குப் பணம் என்றால் தண்டம். இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள், மிச்சத்துக்குத் துவரம்பருப்பு.