ஒரே ஒரு மனு

கேள்வி: பிரிட்டனில் சின்னக் கட்சிகூட உறுப்பினர்களிடம் ஓட்டு வாங்கித்தான் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறதாமே! நம்மூரில் அது எப்போது வரும்? – ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நம்மூரிலும் உட்கட்சித் தேர்தல் உண்டு ஐயா, வேட்பாளர்தான் ஒருத்தருக்கு மேல் கிடைப்பதில்லை! 2021-ல் உங்கள் பக்கத்துத் திருநெல்வேலித் தொகுதியில் ஜெயித்த நயினார் நாகேந்திரனையே பாருங்கள். அ.தி.மு.க.வில் மந்திரியாக இருந்தவர், 2017-ல் பா.ஜ.க.வுக்கு வந்தார். 2025 ஏப்ரலில் மாநிலத் தலைவர் பதவிக்கு முறைப்படி மனு வாங்கினார்கள். வந்தது அவருடையது ஒன்றுதான். அன்றைக்கு அமித் ஷாவே சென்னையில் இருந்தார். எதிர்மனு போட யார் பேனா எழுதும்? மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். 2018-ல் ஸ்டாலின், 2023-ல் எடப்பாடி, எல்லாம் போட்டியின்றித்தான்.

பிரிட்டன் கதையையும் கேளுங்கள். 2016-ல் யுகிப் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டு டயான் ஜேம்ஸைத் தலைவராக்கினார்கள். 18 நாளில் அந்த அம்மா 'ஆளை விடுங்கள்' என்று கிளம்பிவிட்டார். தேர்தல் ஆணையத்துக்கான படிவத்தில் கையெழுத்தோடு, 'வற்புறுத்தலின் பேரில்' என்று லத்தீனில் வேறு எழுதியிருந்தாராம்! நம்மூரில் நாற்காலியை விட்டு இறக்கத்தான் வற்புறுத்த வேண்டியிருக்கும்.