நடுகல்லும் நீலப் பலகையும்

நடுகல் என்பது போரிலோ ஆநிரை மீட்பதிலோ உயிர்துறந்த வீரனுக்கு ஊரார் நட்டுவைத்த நினைவுக் கல்லாகும். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இத்தகைய கற்கள் பல, வேடியப்பன் என்ற பெயரில் மஞ்சளும் படையலும் பெற்று, எவ்வித அரசாணையுமின்றிப் பல நூற்றாண்டுகள் பிழைத்துக் கிடப்பது நிர்வாக நோக்கில் கவலைக்குரியதே. மாடு மீட்டு மாண்டவனின் கல்லிலேயே மாட்டைக் கட்டுவோர், வரலாற்றுக்கு அன்றாடப் பயன் கண்ட முன்னோடிகளாவர்.

1791இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய இராயக்கோட்டைக் கோட்டைக்கோ, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு வாய்த்துள்ளது; இத்தகைய சின்னங்களைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பதை நீலப் பலகை, துரு அனுமதிக்கும் அளவுக்கு, அறிவிக்கிறது. ஆயினும் விடுமுறை நாளில் ஓசூர்த் தொழிற்பேட்டையிலிருந்து குன்றேறிவந்து, கோட்டைச் சுவரில் இதயக் குறிக்குள் இரு பெயர்களைச் செதுக்கும் இளைஞர், நாள், மாதம், ஆண்டு மூன்றையும் பொறித்துவிடுவதால், மன்னனின் ஆட்சியாண்டை மட்டும் கூறி ஆய்வாளரைத் திணறடிக்கும் பல்லவர் கால நடுகற்களைவிடப் பொறுப்புணர்வு மிக்கவர் என்றே கொள்ள வேண்டும். நூறாண்டு கடந்தவற்றைத் தொன்மைச் சின்னமாக ஏற்கும் அதே சட்டத்தின்படி, அப்பெயர்களைச் சுரண்டி அழிக்கத் துணிபவருக்கு 22ஆம் நூற்றாண்டில் 2 ஆண்டுச் சிறை காத்திருக்கிறது.