ஜெயிச்சா நம்ம டீம், தோத்தா அவனுங்க டீம்!

பெரம்பலூர், அரியலூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் இந்த முறை முக்கால்வாசி விளையாட்டு. அந்த முக்கால்வாசியில் பாதி வசவு. அச்சேற்ற முடிந்தவை மட்டும் இங்கே.

கே: சீசன் தொடங்கி நாலைந்து மேட்ச்சிலேயே டீம் ஊத்திக்கொண்டால் ரசிகன் என்னதான் செய்வது?
— மஞ்சள் சட்டைக்காரர், பெரம்பலூர்

ப: சட்டையைத் துவைத்து மடித்து வையுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2010-ல் இதே சிஎஸ்கே முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்றது. கடைசி லீக் ஆட்டத்தில் தர்மசாலாவில் பஞ்சாபை ஜெயித்தே ஆகவேண்டிய நிலை, கடைசி ஓவரில் 16 ரன். இர்ஃபான் பதானை அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் அடித்துவிட்டு, தோனி தன் ஹெல்மெட்டிலேயே ஒரு குத்து விட்டுக்கொண்டார். அடுத்த வாரம் கோப்பை. 2015-ல் மும்பை முதல் நான்கையும் கோட்டை விட்டுவிட்டுக் கோப்பையைத் தூக்கியது. 2024-ல் பெங்களூரு முதல் எட்டில் ஏழு தோற்றும் பிளே-ஆஃப் போனது. அதுவும் சென்னையை வெளியே தள்ளிவிட்டு. (வெந்த புண் என்று தெரியும். மன்னிக்கவும்.)

ஆனால் இந்தக் கதைகள் எல்லா வருஷத்துக்கும் மருந்தாகாது. 2025-ல் முதல் ஆட்டத்தில் மும்பையை ஜெயித்துவிட்டு அடுத்த ஐந்தையும் தோற்ற சிஎஸ்கே, கடைசிவரை எழவே இல்லை. 14-ல் 4 வெற்றி, பத்தாவது இடம். கடைசி இடம் என்பதை அந்த அணி அதற்குமுன் பார்த்ததே இல்லை. 2010-ல் ஆட்கள் சரியாக இருந்தார்கள், ஆட்டம்தான் சரியில்லை. 2025-ல் ஏலத்தில் எடுத்ததே சரியில்லை. முதல் வகைக்குப் பொறுமை போதும். இரண்டாம் வகைக்கு அடுத்த ஏலம்தான் வைத்தியம்.

கே: 2025 ஏப்ரல் 11. கொல்கத்தாவுடன் ஆட்டம். லீவு போட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று சேப்பாக்கத்துக்குள் போனேன். உட்கார்ந்த சீட் சூடாகும் முன் மேட்ச் முடிந்துவிட்டது. பாதிக் காசாவது திருப்பித் தரக்கூடாதா?
— லீவு போனவர், பாடாலூர்

ப: சென்னை 20 ஓவரில் 103-க்கு 9. கொல்கத்தா 10.1 ஓவரில் கணக்கை முடித்தது. சேப்பாக்கத்தில் சிஎஸ்கேயின் மிகக் குறைந்த ஸ்கோர் அதுதான். அந்த மைதானத்தில் தொடர்ந்து மூன்றாவது தோல்வி, சீசனில் தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. இரண்டுமே முதல்முறை. நீங்கள் பார்த்தது மேட்ச் இல்லை, சரித்திரம். சரித்திரத்துக்கு ரீஃபண்ட் கிடையாது. கிளாம்பாக்கத்தில் அவசரமில்லாமல் பஸ் பிடித்திருப்பீர்களே, அதை லாபத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கே: 2025-ல் தோனியை ஒன்பதாவது ஆளாக இறக்கியது யார் செய்த வேலை?
— பெயர் வேண்டாம், கீழப்பழுவூர்

ப: முட்டி செய்த வேலை. கோச் ஃபிளெமிங்கே அதைச் சொன்னார்: முட்டி பழையபடி இல்லை, பத்து ஓவர் நின்று ஓடி ஆட முடியாது என்று. பெங்களூருக்கு எதிராக அவர் உள்ளே வந்தபோது 28 பந்தில் 98 ரன் வேண்டும். 16 பந்தில் 30 அடித்தார். 50 ரன்னில் தோல்வி. எனக்கு உறுத்தியது அவர் இறங்கிய இடம் இல்லை. அந்த 30 ரன்னுக்கு எழுந்து ஆடிவிட்டு, சொந்த மண்ணில் 50 ரன்னில் தோற்ற கூட்டம் சிரித்த முகத்தோடு வெளியே வந்ததே, அதுதான் உறுத்தியது. ரசிகன் இவ்வளவு சுலபத்தில் திருப்தியாகிவிட்டால் நிர்வாகம் எதற்கு மாறவேண்டும்?

கே: சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டால் நம்ம டீம் ஜெயிக்குமா?
— மாலை எடுத்து வைத்திருப்பவர், வேப்பந்தட்டை

ப: மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். மற்ற கிழமைகளில் மேட்ச் வைத்தால் டீமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கே: கபடி நம் மண்ணின் ஆட்டம். தமிழ் தலைவாஸ் மட்டும் ஏன் வருஷா வருஷம் சீசன் ஆரம்பத்திலேயே நம் மானத்தை வாங்குகிறது?
— ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், ஜெயங்கொண்டம்

ப: வாத்தியார் ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2017-ல் புரோ கபடிக்குள் வந்த அணி. 2025 சீசன் வரை கோப்பை இல்லை. கோப்பை கிடக்கட்டும், இறுதி ஆட்டத்தில்கூடக் கால் வைத்ததில்லை.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சீத் சில்லர். பேப்பரில் பார்த்தால் இந்திய அணி, களத்தில் பார்த்தால் 12 அணிகளில் 12-ஆவது. காரணம் உங்களுக்கே தெரியும். நட்சத்திர ரைடருக்குக் கொட்டிக் கொடுத்தால் ரைடு பாயின்ட் வரும். ஆனால் கடைசி ஐந்து நிமிஷத்தில் நாலு பாயின்ட் முன்னிலையைக் காப்பது கார்னரும் கவரும். கார்னர் பையன் ஆசைப்பட்டுக் கணுக்காலுக்குப் பாய்கிறான், கவர் அரை எட்டு பின்னால் நிற்கிறான். அவ்வளவுதான், ரைடர் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தொட்டுவிடுவான். ஒருவன் பாயும்போது பக்கத்திலிருப்பவனும் சேர்ந்து பாயவேண்டும். அது ஏலத்தில் கிடைக்காது, ஒன்றாகப் பழகினால்தான் வரும்.

இதற்கு அவர்களே சாட்சி. 2022-ல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். கபடி ஏலத்தில் அதுவரை அப்படி ஒரு விலை போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு சீசன் முழுக்க வெளியே. கோச்சும் பாதியில் மாறி அஷன் குமார் வந்தார். ‘வழக்கமான கதை’ என்று உங்கள் தெருவிலும் டிவியை அணைத்திருப்பார்கள். பிறகு நடந்தது வேறு. அதிகம் பேர் கேள்விப்படாத நரேந்தர் அறிமுக சீசனிலேயே 243 ரைடு பாயின்ட் எடுத்தார். இரண்டு கார்னரிலும் சாகரும் சாஹிலும் ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரிந்தவர்கள் மாதிரி பிடித்தார்கள். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸை டை-பிரேக்கரில் சாய்த்து, அரையிறுதியில் புனேயிடம் 37-39 என்று இரண்டே பாயின்ட்டில் தோற்றார்கள். தலைவாஸின் மிகச் சிறந்த சீசன் அதுதான். விலை உயர்ந்த ஆள் களத்தில் இல்லாத சீசன்!

பாடம் கற்றார்களா? 2025-ல் அதே பவனைத் திரும்ப அழைத்து வந்தார்கள். சில ஆட்டங்களிலேயே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். யார் பக்கம் நியாயமோ, பெரிய பெயரை நம்பி சீசனைத் தொடங்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

கே: ஹரியானா பையன்களை வைத்து ஆடிவிட்டுப் பெயர் மட்டும் ‘தமிழ்’ தலைவாஸா?
— வரலாற்றுப் பிரியர், கங்கைகொண்ட சோழபுரம்

ப: உங்கள் ஊர்க்காரர் ராஜேந்திர சோழரே வடக்கே படையனுப்பித்தான் கங்கை நீரைக் கொண்டுவந்தார். ஆனால் அவர் இங்கே சோழகங்கம் என்று ஓர் ஏரியையும் வெட்டி வைத்தார். தலைவாஸ் தண்ணீர் மட்டும் கொண்டுவருகிறது, ஏரி வெட்டவில்லை. நம் பையன்களுக்குத் திறமை இல்லை என்று சொல்ல வாய் வராது. தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் ஆடி, 2016-ல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். எந்த அணிக்கு? பாட்னாவுக்கு.

கே: டீம் தோற்றால் என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிடுகிறார். என்ன செய்ய?
— குடும்பத் தலைவி, லப்பைக்குடிக்காடு

ப: அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு அதற்குத் தகுந்தபடி அரிசி போடுங்கள். 2025 மாதிரி சீசன் அமைந்தால் பத்து ராத்திரி சமையல் மிச்சம்.

கே: பெரம்பலூருக்கு முதலில் வருவது ரயிலா, தலைவாஸ் கோப்பையா?
— டீக்கடை பெஞ்ச், குன்னம்

ப: கோப்பை என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். அதுவும் ரயிலில் வந்தால் அரியலூரில் இறங்கி, பஸ் மாறித்தான் பெரம்பலூர் வரவேண்டும்.

கே: 2025-ல் சிஎஸ்கேயில் உருப்படியாக எதுவுமே நடக்கவில்லையா?
— சின்ன வெங்காய விவசாயி, செட்டிகுளம்

ப: நடந்தது, எல்லாம் கை நழுவிய பிறகு. 17 வயது ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல். மூவருமே அந்த சீசனின் ஏலத்தில் அணி எடுத்தவர்கள் இல்லை. அடிபட்டவர்களுக்கு மாற்றாகப் பாதியில் வந்தவர்கள். மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தார். அதையும் 2 ரன்னில் தோற்றார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல். பிறகு ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பர் ஏலத்தில் இந்தியாவுக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி கொடுத்தார்கள். வயசானவர்கள் டீம் என்று நீங்கள் போட்ட கூச்சல் காதில் விழுந்திருக்கிறது. கூச்சலிலும் உருப்படியான வகை உண்டு.

கே: ஃபார்ம் இல்லை என்று ஒருமுறை தூக்கிவிட்டால் மறுபடி இடம் கிடைக்குமா?
— உள்ளூர் ஓப்பனர், அரியலூர்

ப: இதை அரியலூர்க்காரர் கேட்கலாமா? உங்கள் ஊர் 2001-ல் மாவட்டமானது. 2002-ல் தூக்கிப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி மாவட்டம். வலைப்பயிற்சியை விடாதீர்கள்.

கே: அரியலூரிலிருந்து இந்திய அணிக்குப் போனவர் யாராவது உண்டா? இல்லை, நாங்கள் சிமென்ட் மட்டும்தான் அனுப்புகிறோமா?
— லாரி ஓட்டுநர், செந்துறை

ப: ஹாக்கி பாருங்கள் அண்ணே. கார்த்தி செல்வம் அரியலூர்ப் பையன். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்று இந்திய அணிக்குப் போனவர். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் பாதி நேரத்தில் மலேசியா 3-1 என்று முன்னால் நின்றது. முடியும்போது இந்தியா 4-3. ‘போச்சு’ என்று பாதியில் எழுந்து போனவர்கள் மறுநாள் பேப்பரில் படித்துக்கொண்டார்கள்.

கே: அமெரிக்காவில் படிக்கும் என் மகன் போன் செய்தாலே அவன் காலேஜ் பேஸ்பால் டீம் தோற்பதைப் பற்றித்தான் புலம்புகிறான். பிப்ரவரியில் தொடங்கிய சீசன், மார்ச்சிலேயே கோச்சை மாற்றச் சொல்கிறான். பையன் படிக்கிறானா?
— கவலைப்படும் தகப்பனார், உடையார்பாளையம்

ப: படிப்பை மார்க் ஷீட் சொல்லும். புலம்பலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அங்கே காலேஜ் பேஸ்பால் என்றால் ஊர்த் திருவிழா. பிப்ரவரி நடுவில் தொடங்கினால் மே வரை ஓர் அணிக்கு 56 ஆட்டங்கள், வார இறுதி வந்தால் ஒரே எதிரியோடு மூன்று. அதற்குப் பிறகு தேசியப் போட்டி, ஜூனில் ஒமாஹா நகரில் கடைசிக் கட்டம்.

பையனிடம் மிசிசிப்பி பல்கலைக்கழக அணியின் 2022 கதையைக் கேளுங்கள். மார்ச்சில் நாட்டிலேயே முதல் அணி என்று தூக்கி வைத்தார்கள். மே முதல் தேதி பார்த்தால் தங்கள் லீக்கில் 7 வெற்றி, 14 தோல்வி. இருபது வருஷமாக இருந்த கோச் மைக் பியாங்கோவை அனுப்பச் சொல்லி ரசிகர்கள் கத்தினார்கள். 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்குக் கடைசியாகத் தேர்வான சில அணிகளில் ஒன்றாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். ஜூன் கடைசியில் ஓக்லஹோமாவை இரண்டு ஆட்டத்திலும் வீழ்த்தி சாம்பியன். கத்தியவர்களே தெருவில் இறங்கி ஆடினார்கள். 56 ஆட்டம் இருக்கிற ஊரில் மார்ச் மாதத் தோல்விக்குத் தூக்கம் கெட வேண்டியதில்லை என்று மகனிடம் சொல்லுங்கள்.

கே: எங்கள் கல்லூரி கபடி டீம் மண்டலப் போட்டியில் முதல் மேட்ச்சிலேயே வெளியே வந்துவிட்டது. கூடப் படிக்கிறவர்களே ஸ்டேட்டஸ் வைத்துக் கலாய்க்கிறார்கள். இதெல்லாம் சகஜம்தானா?
— மாணவி, அரியலூர்

ப: சகஜமாக இருக்கலாம், நியாயம் இல்லை. மேலே உள்ள பதிலைப் படித்தீர்களா? அங்கே 56 ஆட்டம். உங்கள் டீமுக்கு நாக்-அவுட். தோற்றால் அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். ‘சீசன் ஆரம்பத்தில் சறுக்கல்’ என்று சொல்லிக்கொள்ளக்கூட அவர்களுக்கு சீசன் கிடையாது. ஆரம்பமும் முடிவும் ஒரே விசிலுக்குள்.

கோடி வாங்குகிறவர் சொதப்பினால் திட்டுங்கள், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் விடியும் முன் மைதானத்தில் ஓடிவிட்டு, முழங்கையில் சிராய்ப்பும் ஈரத் தலையுமாக முதல் வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள். ஷூ அவர்கள் வீட்டுக் காசு. அவர்களைக் கலாய்க்க யாருக்கும் உரிமை இல்லை.

கோபத்தைக் காட்ட வேறு இடம் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம் ஆடி எந்த அணியும் தேறாது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பஸ்தான். இரண்டு மாவட்டக் கல்லூரிகளும் ஒரு சனிக்கிழமை இங்கே, அடுத்த சனிக்கிழமை அங்கே என்று மாறி மாறி ஆடினாலே ஒரு சீசன் தேறும். நாலு தோற்றுவிட்டு ஐந்தாவதில் எழுந்துகொள்ள அப்போதுதான் இடம் கிடைக்கும். ஸ்டேட்டஸ் வைக்கும் கைகளை இதற்கு ஒரு மனு எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிகளில் கல்லூரிப் பிரிவும் உண்டு, கபடியும் உண்டு. அடுத்த முறை நடக்கும்போது வகுப்புத் தோழிகளை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். டிக்கெட் கிடையாது.