கொசுறுக் கணிதம்: காரமடைக் கறிவேப்பிலையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கோவை மாவட்டம் காரமடை வட்டாரத்தில் கறிவேப்பிலை ஏக்கர் கணக்கில் பயிராகிறது. தோட்டத்தில் அறுத்துக் கட்டி, எடை போட்டு, கிலோவுக்கு விலை பேசித்தான் வண்டி ஏற்றுகிறார்கள். அதே இலை, காய்கறிக் கடையில் கத்தரிக்காய் வாங்கியவரின் பையில் விழும்போது விலை பூஜ்யம். கிலோ என்பதோ இணுக்குகளின் கூட்டுத்தொகை. பூஜ்யத்தை எத்தனை முறை கூட்டினாலும் பூஜ்யம்தானே? அப்புறம் தோட்டக்காரர் கையில் காசு எப்படி வந்தது?

2. முன்னோர் நிலைப்பாடு

சிறு அளவுகளைக் கையாளத் தமிழருக்குத் தெரியாது என்று எவரும் வாதிட முடியாது. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அதற்கும் அடியில் கீழ்முந்திரி, 1/1,02,400. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியைப் பார்த்து இவற்றை மனப்பாடம் செய்தார்கள். ஒன்றை லட்சம் கூறுக்கு மேல் போட்டு, அந்தக் கூறுக்கும் பெயர் வைத்தவர்கள் ஓர் இணுக்குக்கு விலை வைக்காமல் விட்டார்கள் என்றால், அது இயலாமை அல்ல, கொள்கை.

3. எதிர்வாதமும் மறுப்பும்

"அவ்வளவு சிறிய விலைக்கு நாணயம் இல்லை" என்பார்கள் சிலர். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போனது மெய்தான். ஆனால் அவை செல்லுபடியான காலத்திலும் கொசுறு இருந்தது. தவிர, காரணம் நாணயம்தான் என்றால் வெறுங்கையோடு போய் நின்றாலும் இணுக்குக் கிடைக்க வேண்டும். கிடைப்பதோ, "ஏனுங்க, வெறும் கருவேப்பிலைக்கா வந்தீங்க?" என்ற கேள்வி மட்டுமே.

4. தேற்றம்

மின்னணுத் தராசு 250 கிராம் காட்டியதும் கணக்கு முடிந்துவிடுகிறது. வாங்கியவர் மட்டும் நகர்வதில்லை. "கருவேப்பிலை போடுங்க்கா." இணுக்கு விழுகிறது. அதை யாரும் எடை போடுவதில்லை. ஆகவே, தராசு இருவரையும் சமமாக்குகிறது. கொசுறு இருவரையும் ஜெயிக்க வைக்கிறது.

கிளைத்தேற்றம் 1: கேட்காமல் விழும் இணுக்கு, கேட்டு வாங்கிய இணுக்கைவிடப் பெரியது.

கிளைத்தேற்றம் 2: பேரத்தில் குறைத்த ரூபாய் ஏற ஏற, இணுக்கின் நீளம் இறங்கும்.

கிளைத்தேற்றம் 3: மாசியில் அரங்கநாதர் தேருக்கு ஊர் திரளும் நாளில் முதல் இரண்டும் செல்லா, அன்று கைக்கு வந்ததே இணுக்கு.

5. முடிவும் பரிந்துரையும்

தோட்டக்காரரின் காசு கத்தரிக்காய் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. இது கடைக்கார அக்காவுக்குத் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். தெரிந்தே ஒருவர் கேட்கிறார், தெரிந்தே மற்றவர் போடுகிறார். சமன்பாட்டின் இரு பக்கமும் இப்படி அறிந்தே ஏமாறும் வேறு கணக்கு இவ்வாய்வாளர் அறிந்த பாடத்திட்டத்தில் இல்லை.

மழைக்காலத்தில் மட்டும் கொசுறு நிலையிலிருந்து விலை நிலைக்குத் தாவும் கொத்தமல்லி தனி ஆய்வுக்கு உரியது. நிதி நல்குவோர் கத்தரிக்காய்ச் செலவையும் சேர்த்தே வழங்குதல் வேண்டும். காய் வாங்காத ஆய்வாளருக்குத் தரவு போடப்படுவதில்லை.